பூஜைக்கு வைத்த நோட்டு

மூன்றாவது விசில் வந்தபோது சீதாலக்ஷ்மி பேனாவைக் கீழே வைக்கவில்லை. அரை வாக்கியம் பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டு எழுந்தால்கூட, நாலாவது விசிலுக்குள் மாடிப்படி இறங்கி அடுப்பை அணைத்துவிடலாம். பதினெட்டு வருஷமாகச் சமையலறைக்கும் மேஜைக்கும் நடுவே ஓடி ஓடி அவள் கற்றுக்கொண்ட வித்தை அது. வாக்கியத்தை முடித்தாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, வழக்கம்போலப் பேனா முனையால் காகிதத்தில் இரண்டு தடவை தட்டினாள். கீழே குக்கர் நாலாவது விசிலுக்குத் தம் கட்டி முனக ஆரம்பித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அப்போது அடுப்பின் குமிழை யாரோ திருப்பும் 'டக்' சத்தம் கேட்டது. முனகல் நின்றுபோனது.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. ஹரிநாராயணன் ஆபீஸில் இருந்தான். பிளஸ் டூ படிக்கும் ஜானவி ட்யூஷனுக்குப் போயிருந்தாள்.

"ஏன்னா, வந்துட்டேளா?" என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். மெட்டி தரையில் படுகிற மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம் சமையலறையிலிருந்து பின்கட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. அவளுடைய மெட்டி, விரல் வீங்குகிறதென்று கழற்றி அலமாரியில் போட்டு நாலு வருஷம் ஆகிறது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அடுப்பு தானாக அணைந்தால், பயப்படுவதற்கு முன்னால், இன்னொரு பத்தி எழுத நேரம் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார்கள். சீதாவும் உட்கார்ந்து இன்னும் ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் கீழே போனாள்.

அடுப்பு அணைந்திருந்தது. அவள் நறுக்காமல் வைத்துவிட்டுப் போன பீன்ஸ், தட்டில் பொடிப்பொடியாக, அத்தனையும் ஒரே அளவில் நறுக்கிக் கிடந்தது. அவள் நறுக்கினால் துண்டு துண்டாக இருக்கும்; ஹரி அதைக் கேலி செய்யாத நாளில்லை. தரை துடைத்த ஈரம் காயவில்லை. மழைக்காலத்தில் வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே உலர்ந்த துணியின் வாடை அடித்தது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவில் உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

நான்தான் நறுக்கியிருப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டவள், எண்ணெய் காயும்போது கதை யோசித்து வாணலியைக் கரியாக்கியவள், பீன்ஸ் நறுக்கியதை மறக்கமாட்டாளா என்ன. அந்தச் சமாதானம் அவளுக்கு அப்போது போதுமானதாக இருந்தது.

ஜூன் மாதம் வரை திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தின் அந்தப் பழைய வீட்டில் எழுத்தும் குடும்பமும், ஒரே குளியலறையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு குடித்தனங்கள் மாதிரிதான் இருந்தன. யார் முதலில், எவ்வளவு நேரம் என்று தினம் ஒரு சண்டை. பத்திரிகைகளில் சிறுகதை எழுதிக்கொண்டிருந்த சீதா, நாற்பத்துநாலு வயதில் முதல் நாவலில் கை வைத்திருந்தாள். இருபது வருஷம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு, ஒரு நாள் யாரும் கவனிக்காமலே இல்லாமல் போகிற ஒரு பெண்ணின் கதை. ஜூனில் ஒரு நாள் ஜானவிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கீழே படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். எத்தனை தடவை கூப்பிட்டாள் என்பது அந்தக் குழந்தைக்குத்தான் தெரியும். சீதா மாடியில் ஐந்தாம் அத்தியாயத்தில் இருந்தாள். ஒரு மணிக்கு இறங்கி வந்தபோது, ஜானவி தண்ணீர்ப் பானை பக்கத்தில் வெறுந்தரையில் கிடந்தாள்.

ஹரி அன்று சத்தம் போடவில்லை. "எங்களுக்குக் கூப்பிட்டா வர ஒருத்தி வேணும், சீதா," என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அதிசயம். மறுநாள் முதல் சண்டையே இல்லை. மாடிக்கு யாரும் வருவதில்லை. கையெழுத்து வாங்க மட்டும்தான் வருவார்கள். ஜானவியின் மார்க் ஷீட், ஹரி நீட்டும் ஏதாவது பாங்க் பாரம். "நீ எழுதும்மா, கீழே எல்லாம் ஆயாச்சு," என்பாள் ஜானவி. சீதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மனிதர்கள் மாறுவார்கள் என்று கதையில் எழுதுகிறவள், சொந்த வீட்டில் இரண்டு பேர் மாறினால் நம்பாமல் இருப்பாளா? நாவலின் முதல் பக்கத்தில் சமர்ப்பணம் எழுதினாள்: எனக்கு நேரம் கொடுத்த ஹரிக்கும் ஜானவிக்கும். எழுதும்போது கண் கலங்கியது.

இப்போது எல்லா அத்தியாயமும் முடிந்துவிட்டது. விஜயதசமியன்று அனுப்பினால்தான் ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு வரும் என்று சென்னைப் பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். கடைசி வரி மட்டும் வரவில்லை. பதினோரு நாளாக அந்த ஒரு வரிக்காகக் கடைசிப் பக்கங்களைத் திரும்பத் திரும்ப எழுதி முட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் துர்காஷ்டமி வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் எடுக்கும் வரை யாரும் ஒரு எழுத்து படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு வருஷத்தில் அதைப்போல ஒரு பண்டிகை கிடையாது. ஜானவி பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் அடுக்கினாள். ஹரி பழவங்காடியிலிருந்து பூவும் அவலும் மலர்ப் பொரியும் வாங்கி வந்திருந்தான். தன் ஆபீஸ் பைலையும் சீதாவின் லேப்டாப்பையும் எடுத்து வைத்தான்.

"உன் நோட்டு எங்க?" என்றான்.

சீதா மாடிப்படியில் இறங்காமல் நின்றாள். இரண்டு நாள் நோட்டைத் தொடாமல் இருந்தால் அந்த வரி எப்படி வரும்? அலமாரியில் அதே மாதிரி இன்னொரு நீள நோட்டு இருந்தது. அதே பழுப்பு அட்டை. உள்ளே ஒரு எழுத்துக்கூட இல்லை. அதைக் கொண்டுவந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, ஜானவியின் கெமிஸ்ட்ரிக்கு மேலே வைத்தாள். ஹரி அதைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். எல்லாவற்றின்மேலும் பட்டுத்துணியைப் போர்த்தினான். சரஸ்வதியை ஏமாற்றிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு உறுத்தியது. தாயே, உனக்காகத்தானே எழுதுகிறேன் என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஹரி தட்டு எடுத்துப் போட்டான். நாலு தட்டு.

"யாராவது வராளா?"

"இல்லையே," என்று அவசரமாக ஒன்றை எடுத்து உள்ளே வைத்தான்.

ஜானவி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முகர்ந்தாள். "அம்மா, நேத்து நீ தேச்சுவிட்ட எண்ணெய் நல்ல வாசனையாக்கும். என்ன போட்டுக் காய்ச்சினே?"

"நானா? நேத்தா?"

ஹரி மகளைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. ஜானவி குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்லை, சும்மா," என்றாள். பீன்ஸ் கறி அத்தனை ருசியாக இருந்தது. சீதா அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

மகாநவமியன்று தலைவலி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிஜ நோட்டைத் தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தாள். மாடி அறைக்குப் பலகைத் தரை. அதற்கு நேர் கீழே கூடம். கீழே நடப்பதெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் கேட்கும். அன்றைக்குக் கேட்டது. சுண்டலுக்குத் தாளிக்கும் சத்தம், கடுகு வெடிப்பது, கறிவேப்பிலை பொரிகிற வாசனை, ஹரி எதற்கோ சிரிப்பது, ஜானவி, "ஐயோ, மதி, மதி, போறும்!" என்று கூச்சலிடுவது, நடுநடுவே இன்னொரு குரல். தாழ்ந்த குரல். என்ன சொல்கிறது என்று புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் பேசி முடித்ததும் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவளுடைய பேச்சுக்கு அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று சீதா யோசித்துப் பார்த்தாள். பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி ஆரம்பித்தது. துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். அடுத்த வீட்டு மொட்டைமாடியில் ஸ்மிதாவும் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், மலையாளத்துக்காரி, அக்ரஹாரத்தில் குடியிருந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டவள்.

"சீதேச்சி, அந்தக் கல்லாறு போட்டோ சூப்பர் கேட்டோ! சேச்சி இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை."

"எந்தக் கல்லாறு?"

"ஓணம் லீவுக்குப் போனதில்லே? ஜானவி ஸ்டேட்டஸ்ல இட்டிருந்தாளே. நான் சேவ் பண்ணி வெச்சிருக்கேன்."

ஓண லீவில் அப்பாவும் பெண்ணும் மட்டும்தான் கல்லாறுக்குப் போனார்கள். "நீ இருந்து எழுதும்மா," என்று ஜானவியே சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாலு நாளில் சீதா இரண்டு அத்தியாயம் எழுதினாள். ஜானவியின் ஸ்டேட்டஸ் எதுவும் அவள் போனில் வருவதில்லை. பெண் இப்போதெல்லாம் ஒன்றும் போடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்மிதா கைப்பிடிச் சுவருக்கு மேல் போனை நீட்டினாள்.

பாறைகள், ஓடுகிற தண்ணீர், பின்னால் பொன்முடி மலைச்சரிவு. ஹரி பேண்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நிற்கிறான். ஜானவி தண்ணீரை வாரி அடிக்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில், அரக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சீதா. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். காலில் மெட்டி. கண்ணாடி இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. வலது கை ஜானவியின் தோளில் இருந்தது. சீதா படத்தைப் பெரிதாக்கினாள். நடுவிரலின் பக்கவாட்டில், பேனா அழுத்தி அழுத்திச் சீதாவுக்குக் காய்த்துப்போன இடத்தில், அந்தக் கைக்குக் காய்ப்பு இல்லை. வழவழவென்று இருந்தது.

"என்ன சேச்சி, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் ஸ்மிதா. முதல் துளிகள் விழுந்தன. சீதா துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

படி இறங்கும்போது மூன்று குரல் கேட்டது. கடைசிப் படியில் கால் வைத்தபோது இரண்டு. மெட்டிச் சத்தம் பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடத்தில், பட்டுத்துணி போர்த்திய புத்தகங்களுக்கு முன்னால் ஹரியும் ஜானவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நாலு காபி டம்ளர். மூன்றாவது டம்ளர் பாதி குடித்திருந்தது, ஆவி பறந்தது. நாலாவது டம்ளர் மூடி வைத்திருந்தது. மாடிக்குக் கொடுத்தனுப்ப.

"யாரு அது?"

ஹரி அந்த மூன்றாவது டம்ளரைத் தன் பக்கம் நகர்த்தினான். "நீதான்."

"விளையாடாதேங்கோ."

"குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மறுநாள், ஓர்மை இருக்கா? நீ மேல போய்க் கதவைச் சாத்திண்டே. பத்து நிமிஷத்துல கீழ வந்தே. கஞ்சி வெச்சே. நெத்தியில துணி நனைச்சுப் போட்டே. நான் ஏதோ எடுக்க மேல வந்தேன். நீ உக்காந்து எழுதிண்டிருந்தே." பட்டுத்துணியின் ஓரத்தைச் சரிசெய்தான். "ரெண்டு நாள் பயமா இருந்தது. அப்பறம் பழகிடுத்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ கீழ வந்துடுவேன்னுதான்," என்றாள் ஜானவி. பயந்தவள் மாதிரி சொல்லவில்லை. நாளைக்கு டெஸ்ட் இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "நீ வந்தா அவ போயிடுவா."

பெற்ற பெண். பதினேழு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கூப்பிட்டது கேட்கவில்லை. அதற்கு இதுவா?

"அவளை நான் ரெண்டாவது வாட்டி கூப்பிட்டதே இல்லைம்மா," என்றாள் ஜானவி. இப்போது கண்ணில் நீர் இருந்தது. அந்த நீர் யாருக்காக என்பதுதான் சீதாவுக்கு விளங்கவில்லை.

"எல்லாம் வரது அவளுக்கு," என்றான் ஹரி. "எழுத மட்டும் வராது. பால்காரனுக்கு ஒரு சீட்டு எழுதச் சொன்னேன். பேனாவைக் கையில வெச்சுண்டு அழறா. ஒரு கையெழுத்துக்குக் கூட உங்கிட்டதான் வரணும்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. நாலு மாதமாக மாடிப்படி ஏறி வந்த ஒவ்வொரு கையெழுத்தும். அவர்களுக்கு அவள் அதற்கு மட்டும்தான் வேண்டியிருந்தது. அதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டால்? எனக்கு நேரம் கொடுத்த ஹரிக்கும் ஜானவிக்கும் என்று கண் கலங்க எழுதினாளே, அந்த வரியை நினைத்தபோது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கே விட்டுடறேன்," என்றாள். "நாவலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைலேர்ந்து கதவையே சாத்தமாட்டேன். ஜானு, நீ கூப்பிட்டாக்க ஓடி வரேன். என்னைப் பாரேன். ஜானு."

ஜானவி பின்கட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹரி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு, ரொம்பப் பிரியமாக. "சாரமில்லை, சீதா, பரவாயில்லை. நீ போய் எழுது. நாங்க தொந்தரவு பண்ணமாட்டோம்."

பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் அவள் ஏங்கியிருந்தாள். கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனான். கால் ஏன் கூடவே போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. ஜூரம் வந்தவளை நடத்திப் போவது போல அவன் நடத்திப் போனான்; அவளும் போனாள். அறைக்குள் விட்டான். கதவைச் சாத்தினான். பழைய வீட்டுக் கதவு. வெளியிலும் ஒரு நாதாங்கி உண்டு. அது விழுகிற சத்தம் கேட்டது.

கத்தினாள். கதவை இடித்தாள். போன் கீழே பிரிட்ஜ் மேல் இருந்தது. மழை அறையின் ஓட்டுக்கூரைமேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்மிதாவைக் கூப்பிட்டாள். இடி அதை விழுங்கியது. தொண்டை கட்டிப்போனது. தூக்கம் எப்போது வந்தது என்று தெரியாது.

மணிச் சத்தத்தில் கண் விழித்தாள். விடிந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. சாம்பிராணி வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது. அதோடு சேர்ந்து இன்னொரு வாடையும் வந்தது. வெயில் படாத துணியின் வாடை.

விஜயதசமி.

தரையில் குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்தாள்.

குத்துவிளக்கு எரிந்தது. ஹரி பட்டுத்துணியை விலக்கி, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜானவி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தாள். பெரிய தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பியிருந்தது. அதற்கு முன்னால், அரக்குப் புடவையில், இந்த இடுக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி சம்மணமிட்டிருந்தாள். சின்னக் குழந்தை மாதிரி. அக்ஷராப்யாசத்துக்கு உட்கார்ந்த குழந்தை மாதிரி, நிமிர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஹரி பழுப்பு அட்டை நோட்டை எடுத்தான். திறந்தான். வெள்ளைத்தாள். புரட்டினான். வெள்ளைத்தாள். அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"பாத்தியா," என்றான் அந்த முதுகிடம். "உனக்குன்னு அவளே வெச்சுட்டுப் போயிருக்கா."

"ஜானவி!" என்று கத்தினாள் சீதா. கட்டிய தொண்டையிலிருந்து குரல் எப்படியோ பிய்த்துக்கொண்டு வந்தது. நிஜமாகவே வந்தது. ஜானவிக்குக் கேட்டது. சட்டென்று திரும்பினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் திரும்பினாள். "என்னம்மா? கூப்பிட்டியா?"

அந்தத் தலை மெல்ல இல்லை என்று ஆடியது.

ஹரி அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்தான். முதல் எழுத்தான 'ஹரிஸ்ரீ' சொல்லிக்கொடுக்க அரிசியில் வைத்தான். "ஹரி," என்றான். விரல் கோணிக்கொண்டு போயிற்று. அரிசி சிதறியது. "சாரமில்லை. இன்னொரு தடவை. ஹரி. ஸ்ரீ."

சீதா உருண்டு எழுந்தாள். சீட்டு. ஒரு சீட்டு எழுதி ஸ்மிதா வீட்டு மாடியில் எறிந்தால் போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்தாள். பேனாவை எடுத்தாள். ஸ்மிதா, என்னை மாடியில் என்று எழுத ஆரம்பித்தாள்.

"இன்னொரு தடவை," என்றான் ஹரி கீழே.

முதல் எழுத்து வந்தது. இரண்டாவது வரவில்லை. கை இருந்தது. பேனா இருந்தது. மை இருந்தது. அந்த எழுத்து எப்படி இருக்கும்? மேலே சுழியா? கீழேயா? கோடு ஒன்று இழுத்தாள். கோடு கோடாகவே நின்றது.

"ஆஹா. வந்துடுத்து பாரு!" என்றாள் ஜானவி கீழே.

நோட்டைத் திறந்தாள். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். மை அப்படியே இருந்தது. ஒரு வரியும் அழியவில்லை. சுழி. கொக்கி. புள்ளி. கோடு. எதுவும் எதையும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் தனியாக ஒரு வரி நின்றது. யாருக்கோ ஏதோ சமர்ப்பணம். யாருக்கு?

நடுவிரலைத் தடவிப் பார்த்தாள். காய்ப்பு இல்லை. வழவழவென்று இருந்தது.

மறுபடி இடுக்கில் கண்ணை வைத்தாள்.

ஹரி கையை எடுத்துவிட்டான். விரல் நிற்கவில்லை. தானாகப் போயிற்று. முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. அவளுடைய வேகம் அது. அரை வாக்கியம் பாக்கி இருக்கும்போது, மூன்றாவது விசிலுக்கும் நாலாவதுக்கும் நடுவில் அவள் எழுதுகிற வேகம். அரிசியில் பள்ளம் பள்ளமாக ஏதோ விழுந்துகொண்டே போனது. சீதாவுக்கு அது வெறும் அரிசி.

ஜானவி குனிந்து எழுத்துக் கூட்டினாள். "மா... டி... யில்." சிரித்தாள். கை தட்டினாள். பிறகு முழுதாகப் படித்தாள்.

"மாடியில் யாரும் இல்லை."

அதுதான். இத்தனை நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த வரி அதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, ஒரு சொல் குறையவும் இல்லை. அவளுடைய நாவலின் கடைசி வரி.

வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

கீழே மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அந்த முகமும் நிமிர்ந்தது. கண்ணாடி இல்லாத, கருவளையம் இல்லாத முகம். மூன்று பேரும் அவள் கண் இருந்த இடுக்கை நேராகப் பார்த்தார்கள். வெறும் பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபடியே இருக்க, அந்த விரல் மட்டும் வரியின் முடிவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அரிசியில் இரண்டு தடவை தட்டியது.